ஒரே கம்ப்யூட்டர், பல பேரு: மத்தவங்களுக்கு மட்டும் பூட்டு, அட்மினுக்கு வேணாம்

வீட்டுல பிள்ளைங்களும் பெரியவங்களும் ஒரே கம்ப்யூட்டர பகிர்ந்துக்கிற இடம், கோயில் ஆபீஸ், டியூஷன் சென்டர், எங்க போனாலும் ஒரு பேச்சு காதுல விழும். "கம்ப்யூட்டர லாக் பண்ணி வெச்சிருக்கேன், பசங்க ஒண்ணும் பண்ண முடியாது." சரின்னு போயி பாத்தா ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கும். ஒண்ணு, பூட்டே விழுந்திருக்காது, ஒரு பாஸ்வேர்டு மட்டும் இருக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்டா இருக்கும். இல்லன்னா பூட்டு நல்லாவே விழுந்திருக்கும், ஆனா பூட்டுன முதலாளியையும் சேத்து பூட்டியிருக்கும், அவரு கண்ட்ரோல் பேனல தொறக்க முடியாம கேஎல்ல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற லோ யாட் பிளாசாவுக்கு மெஷின தூக்கிட்டு போயி "பார்மட் பண்ணிடுங்க"ன்னு நிப்பாரு.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். கட்டுப்பாடுங்கிறது கம்ப்யூட்டர் மேல விழுற விஷயம்னு நெனைக்கிறோம். அப்படி இல்ல, அது ஆள் மேல விழுறது. எந்த ஆளுங்கிறத மெஷின் எப்படி முடிவு பண்ணுதுன்னு புரிஞ்சிட்டா, மத்தவங்கள மட்டும் கட்டி வெச்சிட்டு அட்மின, அதாவது மெஷின நிர்வகிக்கிற ஆள, விட்டுடறது பெரிய வேலையே இல்ல. இங்க விண்டோஸ வெச்சே சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க வீட்டுலயும் ஆபீஸ்லயும் பெரும்பாலும் அதுதான் ஓடுது.

கொண்டோ கார்டு

செந்தூல் பக்கம் ஒரு கொண்டோவ நெனச்சுக்கோங்க. குடியிருக்கிற எல்லார்கிட்டயும் அக்சஸ் கார்டு இருக்கும். கீழ கேட்டுல தட்டுனா தொறக்கும், லிப்ட்ல தட்டுனா உங்க மாடிக்கு மட்டும் போகும், நீச்சல் குளத்துக்கு போகலாம், ஆனா மோட்டார் ரூமுக்கு போக முடியாது. மேனேஜ்மென்ட் ஆபீஸ் ஆளோட கார்டு எல்லா கதவையும் தொறக்கும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கதவுக்கு உங்க மூஞ்சி தெரியாது, நீங்க அந்த கொண்டோவுக்கே சொந்தக்காரரா இருந்தாலும் அதுக்கு தெரியாது. கார்டுல என்ன இருக்கு, கதவுல இருக்கிற பட்டியல்ல அது இருக்கா, அவ்வளவுதான் பாக்கும்.

இப்ப மேனேஜர் கோவத்துல "5வது மாடிக்கு யாருக்கும் அனுமதி இல்ல"ன்னு சிஸ்டத்துல போட்டுட்டாருன்னு வைங்க. அந்த யாருக்கும்ல அவரும் அடக்கம். அவரு கார்டும் வேல செய்யாது. முதலாளியையும் சேத்து பூட்டுற கதை முழுக்க இந்த ஒரு வரிலதான் இருக்கு.

மெஷினுக்குள்ள நடக்கிறது

கம்ப்யூட்டர்ல நீங்க எந்த பேருல நுழையறீங்களோ அதுக்கு பேரு அக்கவுண்ட். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் விண்டோஸ் ஒரு நீளமான நம்பர் குடுத்து வெச்சிருக்கும், அத எஸ்ஐடின்னு சொல்வாங்க. நீங்க பேர மாத்துனாலும் அந்த நம்பர் மாறாது. அக்கவுண்டுங்கள சேத்து வெக்கிற கட்டுக்கு பேரு குரூப், அதுக்கும் ஒரு எஸ்ஐடி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்போட நம்பர் உலகத்துல எந்த விண்டோஸ்லயும் எஸ்-1-5-32-544தான், யூசர்ஸ் குரூப்போட நம்பர் எஸ்-1-5-32-545.

நீங்க பாஸ்வேர்டு போட்டு லாகின் பண்ற அந்த நேரத்துல விண்டோஸ் ஒரு கார்டு அடிச்சு உங்க கையில குடுக்குது. இதுக்கு பேரு டோக்கன். அதுல உங்க எஸ்ஐடியும் நீங்க இருக்கிற எல்லா குரூப்போட எஸ்ஐடியும் எழுதியிருக்கும். அப்புறம் நீங்க தொறக்கிற ஒவ்வொரு புரோகிராமும் இந்த டோக்கனோட ஒரு காப்பிய தூக்கிட்டுதான் அலையும். இன்னொரு பக்கம் ஒவ்வொரு பைல், போல்டர் மேலயும் ஒரு பெர்மிஷன் பட்டியல் இருக்கு, இந்த எஸ்ஐடிக்கு படிக்கலாம், அந்த எஸ்ஐடிக்கு அழிக்கலாம்னு. ரெண்டையும் ஒப்பிட்டு பாத்து தொறக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணும்.

நேரா பாக்கணும்னா கமாண்ட் பிராம்ப்ட, அதாவது கட்டளைய எழுத்துல அடிக்கிற ஜன்னல, தொறந்து ஹூ ஆம் ஐங்கிற மூணு இங்லீஷ் வார்த்தைய ஒண்ணா சேத்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு குரூப்ஸ்னு அடிங்க. உங்க கார்டுல எழுதியிருக்கிற குரூப் எல்லாம் வரிசையா வரும். அட்மின் அக்கவுண்ட்ல பாத்தீங்கன்னா அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இருக்கும், அதோட யூசர்ஸ், எவ்ரிஒன், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் எல்லாமே இருக்கும். அதாவது அட்மினும் ஒரு யூசர்தான். இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதுவரைக்கும்: லாகின் பண்றப்போ டோக்கன் கெடைக்குது, அதுல குரூப் எழுதியிருக்கு, பட்டியல் அந்த குரூப்ப பாத்து முடிவு பண்ணுது. அட்மின்ங்கிறது அந்த கார்டுல ஒரு வரி, வேற ஒண்ணும் இல்ல.

அட்மின் கையில ரெண்டு கார்டு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல செட்டப் பண்றப்போ போடுற அக்கவுண்ட் எல்லாமே அட்மினாத்தான் வரும், அதனால வீட்டுல நாலு பேரு இருந்தா நாலு பேரும் அட்மின், வைரஸ் வந்தா அதுவும் அட்மின். 2007ல கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுல இத மாத்துனாங்க. யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமா யுஏசின்னு ஒண்ணு வந்துச்சு. அட்மினா லாகின் பண்ணுனா விண்டோஸ் ரெண்டு டோக்கன் தயார் பண்ணும். சாதாரண கார்டு கழுத்துல தொங்கும், மாஸ்டர் கார்டு பாக்கெட்ல இருக்கும். நீங்க தெனமும் பிரவுசர், வேர்டுன்னு தொறக்கிறது எல்லாம் சாதாரண கார்டுலதான் ஓடும். மாஸ்டர் கார்டு வேணுங்கிற வேல வந்தா ஸ்கிரீன் மங்கி ஒரு பாக்ஸ் வந்து கேக்குமே, அதுதான் யுஏசி.

இங்க ஒரு விஷயத்த ரொம்ப பேரு கவனிக்கிறது இல்ல. அட்மின் அக்கவுண்ட்ல அந்த பாக்ஸ் வந்தா எஸ், நோன்னு ரெண்டு பட்டன்தான் இருக்கும். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்ல, அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்ல இல்லாத சாதாரண அக்கவுண்ட்ல, அதே பாக்ஸ் வந்தா ஒரு அட்மினோட பாஸ்வேர்ட கேக்கும். உங்க அட்மின் அக்கவுண்டையே பையனுக்கும் தொறந்து விட்டுட்டீங்கன்னா அவனுக்கு தேவப்படறது ஒரு எஸ் கிளிக், அவ்வளவுதான், எட்டு வயசு பிள்ளைக்கு அது தெரியாதா என்ன.

மொதல்ல செய்ய வேண்டியது

பிரிக்பீல்ட்ஸ்ல கடைவீட்டு மாடில நடக்கிற ஒரு டியூஷன் சென்டர எடுத்துக்குவோம். ஒரே கம்ப்யூட்டர். காலையில கிராணி அக்கா பீஸ் ரசீது அடிப்பாங்க, சாயங்காலம் பாரம் 5 பசங்க எஸ்பிஎம் பழைய கேள்வித்தாள் பிரிண்ட் எடுப்பாங்க, ராத்திரி சென்டர் நடத்துற சார் வந்து கணக்கு பாப்பாரு. இப்ப மூணு பேரும் நுழையறது ஒரே அக்கவுண்ட்ல, அது விண்டோஸ் போடுறப்ப மொதல்ல போட்ட அக்கவுண்ட், மொதல்ல போடுறது எப்பவும் அட்மின்தான்.

இதுக்கு எந்த சாப்ட்வேரும் வாங்க வேணாம். மாணவர்னு ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட், கிராணி அக்காவுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட், சாருக்கு அட்மின். விண்டோஸ் 10லயும் 11லயும் புதுசா சேக்கிற அக்கவுண்ட் தானாவே ஸ்டாண்டர்டாத்தான் வரும். அதோட இன்னொரு உபரி அட்மின் அக்கவுண்ட் போட்டு, பாஸ்வேர்ட எழுதி கவர்ல போட்டு வீட்டு அலமாரில வெச்சுடுங்க. ஏன்னா விண்டோஸோட கூடவே வர்ற அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கிற பழைய அக்கவுண்ட் விஸ்டாவுல இருந்தே அணைச்சு வெச்சிருக்கும், அவசரத்துக்கு அது வந்து காப்பாத்தும்னு நம்பி இருக்காதீங்க.

இந்த ஒரு வேலையிலேயே பாதி பிரச்சன தீந்துடும்னு நான் சொல்வேன். ஸ்டாண்டர்ட் அக்கவுண்டால விண்டோஸ் போல்டரயும் புரோகிராம் பைல்ஸ் போல்டரயும் தொட முடியாது, மத்தவங்க அக்கவுண்ட அழிக்க முடியாது, இன்னொருத்தரோட டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள்ள நுழைய முடியாது. பாலிசி அது இதுன்னு போறதுக்கு முன்னாடி இத செய்யாம விட்டா மத்தது எல்லாம் சும்மா.

பாலிசி: மூணு அடுக்கு

கண்ட்ரோல் பேனல் தெரியக்கூடாது, கமாண்ட் பிராம்ப்ட் தொறக்கக்கூடாது, இப்படி நீங்க போடுற விதிக்கு பேரு பாலிசி. இத போடுற இடம் குரூப் பாலிசி எடிட்டர், விண்டோஸ் புரோ, எண்டர்பிரைஸ் மாதிரி எடிஷன்ல இருக்கும், ஹோம்ல இருக்காது.

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்குனா வர்ற ரன் பாக்ஸ்ல ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சின்னு அடிச்சு தொறக்கிறதுதான் எல்லா வீடியோலயும் காட்டுறது. அப்படி தொறந்தா வர்றது லோக்கல் கம்ப்யூட்டர் பாலிசி. அங்க யூசர் கான்பிகரேஷன்னு ஒரு கிளை இருக்கும், பேர பாத்துட்டு ஆகா இது யூசருக்கு மட்டும்னு நெனச்சு போட்டுடறாங்க. ஆனா யூசர்னா அந்த மெஷின்ல லாகின் பண்ற எல்லாரும், அட்மினும் சேத்து. அதுலயும் "சொன்ன புரோகிராம்கள மட்டும் ஓட்டு"ங்கிற விதி இருக்கே, அதுல வேர்டு, குரோம்னு ரெண்ட எழுதிட்டு ஓகே அடிச்சா அடுத்த தடவ அந்த எடிட்டரையே டபுள் கிளிக் பண்ணி தொறக்க முடியாது, ஏன்னா எடிட்டர் பேரு பட்டியல்ல இல்ல. 5வது மாடி மேனேஜர் கதைதான்.

எக்ஸ்பி காலத்துல இதுக்கு ஒரு சுத்து வழி இருந்துச்சு, பாலிசி பைல் இருக்கிற போல்டர அட்மின் படிக்க முடியாதபடி பெர்மிஷன மாத்துவாங்க, படிக்க முடியலன்னா அந்த பாலிசி அவருக்கு ஒட்டாது. ஒவ்வொரு தடவ விதிய திருத்தணும்னாலும் அத அவிழ்த்து, திருத்தி, திரும்ப கட்டணும். இன்னும் அந்த பழைய வழிய பாத்து செய்யறவங்க இருக்காங்க. தேவையே இல்ல, விஸ்டாவுல இருந்து பாலிசிய மூணு அடுக்கா பிரிச்சுட்டாங்க.

மொத அடுக்கு எல்லாருக்கும். ரெண்டாவது அடுக்கு ரெண்டு பெட்டி, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு ஒண்ணு, நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு ஒண்ணு, ஒரு ஆளுக்கு இதுல ஏதாவது ஒண்ணுதான் பொருந்தும். மூணாவது அடுக்கு குறிப்பிட்ட ஒரு அக்கவுண்டுக்கு மட்டும். விண்டோஸ் இத வரிசையா படிக்கும், மோதல் வந்தா கடைசியா படிச்சதுதான் செல்லும். நமக்கு வேண்டியது அந்த நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பெட்டி, பேருலயே இருக்கு, அட்மின் இல்லாத எல்லாரும்.

அது ஜிபிஎடிட்ல நேரா தெரியாது, அதான் நெறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியல. அட்மினா லாகின் பண்ணி ரன் பாக்ஸ்ல எம்எம்சின்னு அடிங்க. காலியா ஒரு ஜன்னல் வரும். பைல் மெனுவுல ஆட் ஸ்னாப்-இன்ன அமுக்கி, பட்டியல்ல குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டர எடுத்து ஆட் குடுத்தா ஒரு சின்ன ஜன்னல் வந்து லோக்கல் கம்ப்யூட்டர்னு காட்டும், அவசரப்பட்டு பினிஷ் அடிச்சுடாதீங்க, பிரவுஸ அமுக்குங்க, யூசர்ஸ் டேப்புக்கு போங்க, அங்க கீழ நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இருக்கும். அத தேர்ந்தெடுத்து ஓகே, பினிஷ், ஓகே. இப்ப வர்ற கிளைக்கு மேல அந்த பேரே எழுதியிருக்கும். ஒவ்வொரு தடவையும் விதிய மாத்துறதுக்கு முன்னாடி அந்த பேர ஒருதரம் பாத்துக்கோங்க.

உள்ள யூசர் கான்பிகரேஷன் மட்டும்தான் இருக்கும், கம்ப்யூட்டர் கான்பிகரேஷன் இருக்காது. மெஷினுக்கே போடுற விதி மொத அடுக்குல மட்டும்தான் இருக்கும், அது யாருக்கும் விலக்கு குடுக்காது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்ல கண்ட்ரோல் பேனல் தடை, சிஸ்டம்ங்கிற பகுதில கமாண்ட் பிராம்ப்ட் தடை, விண்டோஸோட உள் செட்டிங்க மாத்துற ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்கு தடை, டியூஷன் சென்டருக்கு இந்த மூணு போதும். "சொன்ன புரோகிராம ஓட்டாதே"ன்னு ஒரு விதியும் அங்க இருக்கு, ஆனா அது பைல் பேர மட்டும்தான் பாக்கும், பசங்க பேர மாத்தி ஓட்டிடுவாங்க, அத நம்பாதீங்க. முடிச்சிட்டு மாணவர் அக்கவுண்ட சைன் அவுட் பண்ணி திரும்ப உள்ள போயி பாருங்க.

ஒரு விதிக்கு மூணு நெல இருக்குங்கிறதும் தெரிஞ்சிருக்கணும். எனேபிள்டுன்னா விதி ஓடுது, டிசேபிள்டுன்னா விதிய வேணும்னே அணைச்சிருக்கு, நாட் கான்பிகர்டுன்னா இந்த அடுக்கு ஒண்ணும் சொல்லல. போட்டத எடுக்கணும்னா நாட் கான்பிகர்டுக்கு திருப்புங்க.

இதுவரைக்கும்: ஜிபிஎடிட்ல நேரா போட்டா எல்லாருக்கும் விழும். எம்எம்சி வழியா நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பெட்டில போட்டா அட்மினுக்கு விழாது.

போல்டர்: டினை பட்டன தொடாதீங்க

பீஸ் கணக்கு, பெற்றோரோட ஐசி, அதாவது அடையாள அட்டை காப்பி எல்லாம் டி டிரைவுல ஒரு போல்டர்ல கெடக்கும். டாகுமெண்ட்ஸ்ல வெக்காம டி டிரைவுல வெச்சா பத்திரம்னு ஒரு நம்பிக்க நம்மகிட்ட இருக்கு, உண்மை நேர் எதிர். டாகுமெண்ட்ஸ் உங்க அக்கவுண்டுக்கும் அட்மினுக்கும் மட்டும் தொறக்கும், டி டிரைவுல புதுசா போடுற போல்டரோ சாதாரணமா ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் எல்லாருக்கும் தொறந்தே கெடக்கும், படிக்கவும் செய்யலாம் அழிக்கவும் செய்யலாம்.

சரி பூட்டுவோம்னு ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி டேப்ன்னு போயி யூசர்ஸ் குரூப்ப எடுத்து டினை கட்டத்துல டிக் போடுவாங்க. உடனே சாருக்கும் போல்டர் தொறக்காது. முன்னாடி ஞாபகம் வெச்சுக்க சொன்னேனே, அட்மின் கார்டுலயும் யூசர்ஸ்ங்கிற வரி இருக்கு, ஒரே பட்டியல்ல அனுமதியும் மறுப்பும் நேரா எழுதியிருந்தா மறுப்புதான் ஜெயிக்கும்.

சரியான வழி மறுக்கிறது இல்ல, அனுமதிய எடுத்துடறது. பட்டியல்ல பேரு இல்லன்னா கதவு தானா தொறக்காது, தனியா மறுக்க வேண்டியதே இல்ல. செக்யூரிட்டி டேப்ல அட்வான்ஸ்ட் போயி, டிசேபிள் இன்ஹெரிடன்ஸ் குடுத்து, இருக்கிறத அப்படியே மாத்தி வெச்சுக்கங்கற ஆப்ஷன எடுங்க. இன்ஹெரிடன்ஸ்னா மேல இருக்கிற டிரைவோட பெர்மிஷன் கீழ இறங்கி வர்றது, அத வெட்டுறோம். அப்புறம் யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் ரெண்டையும் நீக்கிட்டு, சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ரெண்டையும் விட்டுட்டு, கிராணி அக்கா அக்கவுண்டையும் சாரோட அக்கவுண்டையும் பேரு சொல்லி சேருங்க. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இருக்கிறப்ப சார் பேர எதுக்கு தனியாங்கிறீங்களா, அவரு கழுத்துல தொங்குறது சாதாரண கார்டு, அதுல அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் வரி அனுமதி கேக்க உதவாது. பேர சேக்காம விட்டா மொத தடவ கன்டினியூ அமுக்க சொல்லும், அமுக்குனா விண்டோஸே அவரு பேர பட்டியல்ல எழுதிடும், அத நாமளே தெரிஞ்சு செஞ்சுடலாம்.

எக்ஸ்பேட், பேட்32 பார்மட்ல இருக்கிற பென் டிரைவுக்கு இது எதுவும் செல்லாது. அந்த பார்மட்ல பெர்மிஷன் பட்டியல்னு ஒண்ணே கிடையாது.

ஸ்டாண்டர்டுல போட்டும் கேம் எப்படி ஏறுச்சு?

"ஸ்டாண்டர்டுக்கு மாத்திட்டேன், ஆனாலும் ரோப்லாக்ஸ் ஓடுதே?" இது பெத்தவங்க அடிக்கடி கேக்கிறது. ரோப்லாக்ஸ் மாதிரி சில புரோகிராம் புரோகிராம் பைல்ஸ்ல போயி ஒக்காராது, அந்த பிள்ளையோட சொந்த போல்டருக்குள்ள ஆப்டேட்டான்னு மறைவா ஒண்ணு இருக்கும், அங்க ஏறிக்கும். தன் வீட்டுக்குள்ள பொருள் கொண்டு வர மேனேஜ்மென்ட் அனுமதி எதுக்கு? பாஸ்வேர்டே கேக்காது.

இத தடுக்க ஆப்லாக்கர்னு ஒண்ணு இருக்கு. எந்த இடத்துல இருந்து புரோகிராம் ஓடலாம்னு சொல்றது அது. அதுல வர்ற சாதாரண விதிகள பாத்தா நம்ம விஷயமே இருக்கும்: எல்லாரும் விண்டோஸ், புரோகிராம் பைல்ஸ் ரெண்டு இடத்துல இருந்து ஓட்டலாம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் எங்க இருந்தும் ஓட்டலாம். ஆப்டேட்டா அந்த ரெண்டுல இல்ல, கேம் நின்னுடும். ஆனா போட்ட அன்னைக்கே சார் டெஸ்க்டாப்ல இருக்கிற ஒரு செட்டப் பைல டபுள் கிளிக் பண்ணி "எனக்கும் தடுக்குதே"ன்னு சொல்வாரு. அதே சாதாரண கார்டு விஷயம்தான். ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா ஓடும்.

ஹோம் எடிஷன் வெச்சிருக்கிறவங்க

வீட்டுக்குன்னு கடையில வாங்குற லேப்டாப் பெரும்பாலும் ஹோம்தான். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட் போனா தெரியும். குரூப் பாலிசி எடிட்டர் இல்லன்னு வருத்தப்பட வேணாம், ஸ்டாண்டர்ட் அக்கவுண்டும் போல்டர் பெர்மிஷனும் ஹோம்லயும் அப்படியே வேல செய்யும். பிள்ளைக்கு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் போட்டு பேமிலி சேப்டில சேத்தா நேரக் கட்டுப்பாடும் கெடைக்கும், அது பிள்ளையோட அக்கவுண்ட மட்டும்தான் பாக்கும், உங்களுது அது பாட்டுக்கு இருக்கும்.

இது எதையும் தாண்டுற வழி

இவ்வளவும் விண்டோஸ் ஓடிட்டு இருக்கிறப்பதான் செல்லும். கார்டு சரிபாக்கிறது விண்டோஸ், விண்டோஸே ஓடலன்னா சரிபாக்க ஆள் இல்ல. லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவ சொருகி அதுல இருந்து மெஷின எழுப்புனா டி டிரைவ் பட்டியல எல்லாம் அது மதிக்காது, எல்லா பைலும் தெரியும். பாரம் 5 பசங்களுக்கு இது தெரியாதுன்னு நெனைக்காதீங்க லா.

இதுக்கு பதில் டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி டிஸ்க்க முழுசா குழப்பி எழுதி வெக்கிறது. புரோல அதுக்கு பேரு பிட்லாக்கர், ஹோம்ல நெறைய லேப்டாப்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு இருக்கும். போடுறப்போ நீளமா ஒரு ரெக்கவரி கீ, 48 இலக்கம், குடுக்கும். மதர்போர்டு மாத்துனாலோ வேற கோளாறு வந்தாலோ அது இல்லாம அட்மினே உள்ள நுழைய முடியாது, அப்போ லோ யாட் போனாலும் யாராலயும் எடுத்து குடுக்க முடியாது. அத பிரிண்ட் எடுத்து உபரி அட்மின் பாஸ்வேர்டு இருக்கிற கவர்லயே போட்டு வைங்க, கம்ப்யூட்டர் மேசை டிராயர்ல மட்டும் வேணாம்.